பட்டு என்று எழுதாத வருடங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கமூட்டும் விதமாக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கிளை அலுவலகத்திலிருந்து போன் செய்தார்கள். கூடவே நான் சிரித்தபடி இருக்கும் புகைப்படம் ஒன்றும் வேண்டுமாம். அப்படிப் புகைப்படம் எதுவும் இல்லை, இரண்டு பக்கத்தில் அடங்காது, ஊக்கத்துக்கும் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டேன். போன் செய்த பையன் எல்லாவற்றுக்கும் "ஓகே மேடம்" என்றான். நான் சொன்னதில் பாதியை அவன் கேட்டிருக்க மாட்டான். நானும் அவன் வயதில் தலைமையகம் பேசும்போது அப்படித்தான் தலையாட்டினேன்.

நம் அமைப்பின் ஆரணிக் கிளையில் பத்தொன்பது வருடம் களப் பொறுப்பாளராக இருந்தேன். உங்களுக்குக் கொடுத்த பயிற்சிக் கையேட்டில் சுவாமிஜியின் வரலாறு இருக்கும். தலைமையகம் வடக்கே இருக்கிறது, உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பக்தர்களின் காணிக்கையில் ஏழைகளுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்கிறோம், கண்ணாடி கொடுக்கிறோம் என்றெல்லாம் எழுதியிருக்கும். எல்லாம் உண்மைதான். பார்வை கிடைத்து வீட்டுக்குப் போனவர்களை நானே வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அதை நான் மறுக்கவில்லை. கையேட்டில் இல்லாததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு முகாம். ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டுப் போட்டவர்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்து, சுவாமிஜியின் ஆளுயரப் படத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் சொற்பொழிவு நடத்தினார்கள். முடிவில் "அந்தத் திருமுகத்தைக் கண்குளிரப் பாருங்கள்" என்றார் பேசியவர். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கிழவர் மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, ஃபேனைப் பார்த்துக் கும்பிட்டார். பேசியவருக்கு அது தவறாகவே படவில்லை, கும்பிடுகிறாரே என்று உருகிப் போனார். அன்றைக்கே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்பது சுவாமிஜியின் முதல் உபதேசம். நல்ல உபதேசம். அதிலிருந்து யாரோ ஒரு பட்டியல் தயாரித்து நோயாளிப் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். ஏற்கத்தகாத தொழில்கள் என்று தலைப்பு. கசாப்பு, மீன், கோழி, சாராயம், தோல் என்று போகும். பதினோராவது வரியில் பட்டு என்று இருந்தது. பட்டுக்கூட்டைப் புழுவோடு சேர்த்துக் கொதிநீரில் போடுகிறார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு நம் உதவி கிடையாது.

இந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு எந்த ஊரில் கிளை திறந்தார்கள் பாருங்கள். ஆரணியில் ஒரு தெருவுக்குள் நுழைந்து நான்கு வீட்டைத் தாண்டினால் மூன்று வீட்டில் பட்டுத்தறிச் சத்தம் கேட்கும். தலைமையகத்தில் யாரோ வரைபடத்தைப் பார்த்து, நெசவாளர் நிறைந்த ஊர், ஏழைகள், கண் போகும் தொழில் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். என்ன நெய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லது செய்யக் கிளம்பியவர்களுக்குக் கேள்வி கேட்க நேரமேது.

எனக்கு முன்னால் கிளையைப் பார்த்துக்கொண்டவர் கெட்டிக்காரர். அவர்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். முதல் நாளே படிவத்தை நீட்டி, "தொழில்னு கேட்டா கைத்தறி நெசவுன்னு எழுதும்மா. பட்டுன்ற வார்த்தையை எழுதாதே. நாம பொய் சொல்லலை, மிச்சத்தை சொல்லலை, அவ்வளவுதான்" என்றார். அவர் முகத்தில் ஒரு பெருமை. எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. ஊருக்கு நல்லது நடக்கிறது, தலைமையகத்துக்கும் மனக்கஷ்டம் இல்லை. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

அத்தோடு நிற்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வடக்கிலிருந்து யாராவது பார்வையிட வருவார்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, காரில் கண்ணமங்கலம் வழியாக வருவார்கள். கண்ணமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டில் பருத்தித் துண்டு நெய்கிற தறி இரண்டு இருந்தது. வந்தவர்களை முதலில் அங்கே இறக்கிவிடுவோம். தறியைப் பார்த்து, துண்டைத் தடவி, புகைப்படம் எடுத்து, இளநீர் குடித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ஆரணிக்கு வந்ததும் நேராகக் கல்யாண மண்டபத்தில் கூட்டம், சாப்பாடு, திரும்பவும் ரயில். பட்டுத்தறி ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஆரணியைப் பார்த்துவிட்டுப் போன பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர். அந்தத் தறிக்கு நாங்கள் காட்சித் தறி என்றே பெயர் வைத்திருந்தோம். எங்களுக்குள் அது ஒரு தமாஷ்.

தமாஷுக்கு வெளியே இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் கருவாடு விற்கிற ஒரு அம்மாள் ஒரு முகாமுக்கு வந்தார். கூடையோடு வந்துவிட்டதால் தொழிலை மறைக்க வழியில்லை. பட்டியலைப் படித்துக் காட்டித் திருப்பி அனுப்பினேன். "சரிம்மா, எனக்குத் தெரியாதும்மா" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த முகாமிலும் அதற்கடுத்த முகாமிலும் அவர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

இனி தனபாக்கியம்.

தனபாக்கியமும் அவர் கணவரும் ஒரே தறியில் பட்டுப் புடவை நெய்தார்கள். கணவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. இழை அறுந்தால் பிணைப்பது, கரையில் ஜரிகை பிசகாமல் பார்ப்பது எல்லாம் தனபாக்கியத்தின் கண்ணை நம்பித்தான் நடந்தது. அந்தக் கண்ணில்தான் புரை விழுந்தது. வலது கண் ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டது, இடது கண்ணில் ஆரம்பம். புடவையில் பிசகு வர ஆரம்பித்ததும், தறியில் ஏற்ற நூல் பாவு கொடுக்கும் முதலாளி இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை பாவை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நேராகவே சொல்லிவிட்டார். பாவு போனால் தறி சும்மா நிற்கும். அந்த வயதில் இருவரையும் வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. இதை அழாமல், ரேஷன் கடை விஷயம் சொல்வதைப் போலச் சொன்னார் தனபாக்கியம். நான் அவர் பெயரை அடுத்த முகாமின் பட்டியலில் முதலாவதாக எழுதினேன். தொழில், கைத்தறி நெசவு.

அந்தச் சமயம் தலைமையகத்திலிருந்து ஒரு உத்தரவு. ஒரு பெண் நெசவாளரை ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் தறியில் உட்கார வைத்து வீடியோ எடுக்க வேண்டும், மூத்த அறங்காவலரே நேரில் வருகிறார், அவர் முன்னிலையில் முதல் பாதியை எடுக்கலாம் என்று. முன்பு தடவித் தடவி நெய்ய வேண்டும், பின்பு பளிச்சென்று நெய்ய வேண்டும், பின்னணியில் பஜனை. இதற்கென்று ஒரு திட்ட அலுவலர் சென்னையிலிருந்து வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல், எதைக் கேட்டாலும் "புரோசிஜர் இருக்கு மேடம்" என்பார். அந்த ஃபைலைத் தூங்கும்போதாவது கீழே வைப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

பெண் நெசவாளர், மோசமான கண், பட்டியலில் முதல் பெயர். தனபாக்கியம்தான் பொருத்தம். ஆனால் அவர் தறியில் மாம்பழ மஞ்சளில் பட்டுப் பாவு ஏறி நிற்கிறது. நான் யோசிக்கவே இல்லை. அவரைக் காரில் ஏற்றிக் கண்ணமங்கலம் பக்கத்துக் காட்சித் தறிக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியில், அவங்க வடக்கத்திக்காரங்க, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், துண்டுத் தறியில சும்மா உக்காந்து நூல் ஓட்டுற நாடாவைத் தள்ளுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன் என்று சொன்னேன். "ஆபரேஷன் உண்டுதானேக்கா?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன்.

அறங்காவலர் வந்தார். எண்பதுக்குக் கிட்டத்தட்ட வயது, வெள்ளை வேட்டி, கைத்தடி, மெல்லிய குரல். அவரை எதிர்பார்த்து நான் மனதில் தயார் செய்து வைத்திருந்த வெறுப்பு எல்லாம் வீணாகிவிட்டது. மனிதர் தரையில் உட்கார்ந்து, தறிக்குழிக்குள் எட்டிப் பார்த்து, கால்மிதி எப்படி வேலை செய்கிறது என்று குழந்தை மாதிரி கேட்டார். அவர் இந்தியில் பேசுவதைத் திட்ட அலுவலர் தமிழில் சொல்ல, நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தனபாக்கியம் சொன்னபடி நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். கேமரா ஓடியது. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

கிளம்பும்போது பெரியவர் தறியின் மேல் நெய்து முடித்து வைத்திருந்த துண்டைக் கையில் எடுத்தார். கண் தெரியாத நிலையிலும் இந்த அம்மா இதை நெய்திருக்கிறார், இதை நான் கொண்டுபோய்ச் சுவாமிஜியின் பீடத்தில் விரிக்கப் போகிறேன், இவருடைய கை உழைப்பு அங்கே இருக்கட்டும் என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. அலுவலர் அதைத் தமிழில் தனபாக்கியத்திடம் சொன்னார்.

தனபாக்கியத்தின் கை நின்றுவிட்டது. என் பக்கம் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சரி என்று சொல்லச் சொல்லி. அவர் சரி என்று சொல்லவில்லை.

"இது என் கையி இல்லீங்க. இந்த வூட்டுக்காரங்க நெய்தது. அடுத்தவங்க நெய்தத என்னுதுன்னு சொல்லி சாமிகிட்ட வெக்கக் கூடாதுங்க. நான் பட்டு நெய்றவ. கல்யாணமாயி வந்ததுலேர்ந்து பட்டுதான் நெய்துகினு இருக்கேன்."

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அடுத்தவர் நெய்த சேலையைத் தன்னுடையது என்று சொல்வது நெசவு வீட்டில் எச்சில் சோற்றைப் பரிமாறுவதற்குச் சமம். சாமிக்குப் போகிற துணி என்றால் கேட்கவே வேண்டாம். அத்தனை வருடம் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய் வந்த எனக்கு அது தோன்றவில்லை. சாமியையே நம்பி நடக்கிற அமைப்பில் வேலை செய்த எனக்கு, ஒருத்தி சாமிக்குப் பயந்து உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று தோன்றவே இல்லை.

அலுவலர் மொழிபெயர்க்கும்போது பட்டு என்ற வார்த்தை வந்ததும் அவருடைய கை தானாக ஃபைலைத் திறந்தது. படிவத்தைத் திருப்பினார். பதினோராவது வரியில் விரலை வைத்துப் பெரியவருக்குப் படித்துக் காட்டினார். பெரியவர் அதைத் தன் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். அவருக்கே அது புதிதாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, இந்த ஊரில் இப்படிப் பட்டு நெய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். இந்தியில்தான் கேட்டார், அலுவலர் தமிழில் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வடக்கத்திச் சேட்டுகள் கடை வைத்திருக்கும் ஆரணி மார்க்கெட்டில் வளர்ந்தவளுக்கு அந்த அளவு புரியும்.

அவர் அதட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த நிமிடத்தில் எனக்கு முன்னால் இருந்தது அறுபது பேரின் பட்டியல். அறுபதில் ஐம்பதுக்கு மேல் பட்டுக்காரர்கள். உண்மையைச் சொன்னால் முகாமே ரத்தாகும், வருடக்கணக்காக நாங்கள் கண்ணில் மண்ணைத் தூவியது வெளியே வரும், என் வேலை போகும். இந்த மூன்றில் எதை முதலில் நினைத்தேன் என்று நேர்மையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. மூன்றாவதாக எழுதியிருப்பதுதான் முதலில் வந்திருக்கும்.

"இவங்க ஒருத்தர்தான். எங்க கவனத்துக்கு வராம பட்டியல்ல சேர்ந்துட்டாங்க" என்றேன்.

தனபாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் முகம் எந்த அளவுக்குத் தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை. குரல் நன்றாகவே கேட்டிருக்கும்.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். ஒருவர்தான் என்றால், ஒருவருக்காக விதியை மாற்றுவது சரியாக இருக்காது, இவருக்கு வேறு எங்காவது ஏற்பாடு செய்துகொடுங்கள், கைவிட்டுவிடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார். அலுவலர் படிவத்தில் 'ஒத்திவைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரியவர் தனபாக்கியத்தைக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். துண்டை அந்த வீட்டுக்காரரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. ஒருவரை விட்டு ஐம்பத்தொன்பது பேரைக் காப்பாற்றிய என் சமயோசிதத்தை அலுவலகத்தில் பாராட்டினார்கள். டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் உங்களில் யாராவது, வேலூரில் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே இலவசமாகச் செய்வார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரியவரும் வேறு ஏற்பாடு செய்யத்தானே சொன்னார். நான் அதைச் செய்யவில்லை. ஏனென்றால் என்னிடம் இன்னொரு சாமர்த்தியம் கைவசம் இருந்தது. அன்று மாலையே தனபாக்கியத்தின் வீட்டுக்குப் போய், அடுத்த முகாமில் தொழிலுக்கு நேரே இல்லத்தரசி என்று போட்டு உங்களைச் சேர்த்துவிடுகிறேன், அதுவரை பொறுங்கள் என்று சொன்னேன். நம்மிடம் வந்த நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்பினால் நம் கிளையின் கணக்கில் ஒன்று குறையும் என்பதும் மனதின் ஓரத்தில் இருந்தது. எத்தனை அற்பமாக இருக்கிறது பாருங்கள், எழுதும்போது.

அவர் கணவர் வேலூருக்குப் போய்ப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா சொல்றாங்க இல்ல, பொறுக்கலாம்" என்று தனபாக்கியம்தான் அவரை அடக்கினார். காரிலிருந்து இறங்கியதிலிருந்து நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தான் உளறிக் கெடுத்துவிட்டதாக அவரே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

அடுத்த முகாம் ஒரு மாதத்தில் வர வேண்டியது. சுவாமிஜியின் ஜெயந்தி விழாவுக்காக எல்லா முகாம்களையும் தள்ளி வைத்தார்கள். பிறகு புதுப் படிவம் அச்சாகிறது என்று இன்னொரு தள்ளல். மூன்று மாதம் ஓடியது. இடையில் பாவு முதலாளியிடம் நான் போய்ப் பேசினேன், இதோ அதோ என்று சாக்குச் சொல்லி அவரைப் பொறுக்க வைத்தேன். பொறுக்க வைப்பதில் மட்டும் நான் ஊரிலேயே தேர்ந்தவள்.

ஒருநாள் காலை அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது ஷேர் ஆட்டோவில் தனபாக்கியத்தை அவர் கணவர் கூட்டி வந்தார். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. முந்தின நாளிலிருந்து தலை பிளக்கிற வலி, வாந்தி. அக்காகிட்டதான் போகணும் என்று தனபாக்கியம் அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்குப் பதிலாக என்னிடம் வந்திருந்தார்.  அப்படியே வண்டி பிடித்து வேலூருக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே படிவத்தில் பெயர், வயது, கணவர் பெயர், ஊர் கேட்டார்கள். தொழில் கேட்கவில்லை. பரிசோதித்த டாக்டர் சின்ன வயதுப் பெண். புரை முற்றிப்போய்க் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, பார்வை நரம்பு போய்விட்டது, வலியைக் குறைக்கலாம், பார்வை வராது என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா சின்ன ஆபரேஷன்தான். யாரு இவங்கள இத்தன நாள் சும்மா உக்கார வெச்சது?"

நான்தான் என்று சொல்லவில்லை. தெரியலை டாக்டர் என்றேன். அங்கேயும் பொய்தான். அத்தனை வருடப் பழக்கம் அத்தனை சீக்கிரம் விடுமா.

இடது கண்ணுக்கு அடுத்த வாரமே அங்கே ஆபரேஷன் செய்தார்கள். அது நல்லபடியாக வந்தது. அந்த ஒரு வாரம் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. புத்தி என்று சொல்வது பெரிய வார்த்தை. இனி மறைக்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். ஆரணிக்குத் திரும்பியதும் மூத்த அறங்காவலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஊரே பட்டு ஊர், இத்தனை வருடம் நாங்கள் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் பட்டு நெசவாளர், அன்றைக்கு ஒருவர்தான் என்று நான் சொன்னது பொய், அந்தப் பொய்யால் ஒரு கண் போய்விட்டது என்று எழுதினேன். வேலையை விட்டு நீக்கிக்கொள்ளலாம் என்றும் சேர்த்தேன். இந்தி தெரிந்த டீச்சர் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார், ஒரு தமிழ்ப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரல் உடைந்திருந்தது. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருக்கிறார். அது நோயாளிகளுக்கான பட்டியலே இல்லை. யாரிடமிருந்து காணிக்கை வாங்கக் கூடாது என்று சுவாமிஜி காலத்தில் எழுதி வைத்த பட்டியல். உயிரைக் கொன்று சேர்த்த பணம் ஆசிரமத்துக்கு வேண்டாம் என்பது அதன் அர்த்தம். ஆஸ்பத்திரித் திட்டம் தொடங்கியபோது அலுவலகத்தில் யாரோ ஒருவர், பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று அதையும் நோயாளிப் படிவத்தில் சேர்த்து அச்சடித்துவிட்டார். அத்தனை வருடமும் அது அங்கேயே இருந்தது. எல்லாக் கிளைகளும் அதற்குக் கீழ்ப்படிந்தன, அல்லது எங்களைப் போல ஏமாற்றின. ஒரு கிளைகூட இது என்ன என்று கேட்டு எழுதவில்லை.

பிறகு அந்தப் பெண் மூலமாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு நான் எத்தனை பேர்னு கேட்டேனே அம்மா. ஊரே அப்படின்னு நீங்க சொல்லியிருந்தா, தப்பு ஊர்கிட்ட இல்லை, இந்த வரியிலதான்னு எனக்கு அங்கேயே புரிஞ்சிருக்கும். அங்கேயே அதைக் கோடு போட்டு அடிச்சிருப்பேன்."

இரண்டு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. பட்டியல் நீக்கப்பட்டது, ஒரே வாக்கியம். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தத் திட்ட அலுவலர் பதவி உயர்ந்து, அடுத்த வருடம் ஆரணிக்கு வந்து, 'பட்டு நெசவாளர் பார்வைத் திட்டம்' என்ற பேனருக்குக் கீழே குத்துவிளக்கு ஏற்றினார். இந்தச் சமூகத்தின் மேல் நம் அமைப்புக்கு ஆரம்பத்திலிருந்தே தனி அக்கறை உண்டு என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கருவாட்டுக்கார அம்மாளை அதற்கு முந்தின மாதம் தேடிப் போயிருந்தேன். மகன் வீட்டுக்கு, கலசப்பாக்கம் பக்கம் போய்விட்டார் என்றார்கள். அங்கேயும் போனேன். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்றார்கள்.

உங்கள் கையில் இப்போது டேப்லெட் இருக்கிறது. தொழில் என்ற இடத்தைத் தொட்டால் வரிசையாகப் பட்டியல் விழும். அதிலும் ஏதாவது அசட்டுத்தனம் இருக்கும், இல்லாமல் போகாது. அப்போது உங்களில் கெட்டிக்காரர் ஒருவர், 'மற்றவை' என்று அழுத்திவிடு, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொடுப்பார். அவர் நல்லவராகத்தான் இருப்பார். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் நல்லவர்தான், ஏழைகள் மேல் பிரியம் உள்ளவர்தான். முட்டாள்தனமான விதியை மீறுவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. மீறிவிட்டுச் சும்மா இருப்பதைத்தான் சொல்கிறேன். நாங்கள் ஏமாற்றி ஏமாற்றி அந்த விதிக்கு ஆயுளைக் கூட்டினோம். அது யாரையும் கடிக்காத மாதிரி மேலே இருப்பவர்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தோம். மேலே இருப்பவர்களும் அப்படி ஒன்றும் பூதங்கள் அல்ல, தெரியாதவர்கள். தெரியாதவர்களைத் தெரியாமலே வைத்திருந்து, முதுகுக்குப் பின்னால் சிரிப்பதைத்தான் நாங்கள் களப்பணி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சுற்றறிக்கை வந்த மறுநாள் தனபாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் அவரிடம் ஒரு முறையாவது உண்மையைப் பேச வேண்டும் என்று இருந்தது.

தறியில்தான் இருந்தார். முதலாளி பாவு கொடுத்திருந்தார், பெரிய கரை இல்லாத சாதாப் புடவைக்கு மட்டும். தலையை வலது பக்கம் திருப்பி, இடது கண்ணைத் துணிக்கு நேராக வைத்து நெய்யப் பழகியிருந்தார். நான் வாசல்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல் நோயாளிகளுக்கானதே இல்லை என்பதை, அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அந்த வரியை அங்கேயே அடித்திருப்பார்கள் என்பதை, இப்போது நான் எழுதியதும் எடுத்துவிட்டார்கள் என்பதை. நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, கெடுத்தது நான் என்றும் சொன்னேன். அவர் அறுந்த இழை ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிணைத்துக்கொண்டிருந்தார். பிணைத்து முடிக்கிற வரை நிமிரவில்லை.

"ஒரு லெட்டருதானாக்கா?"

ஆமாம் என்றேன்.

"எழுத எவ்ளோ நேரமாச்சு?"

"அரை மணி நேரம்."

அவர் திட்டுவார், அழுவார், எதையாவது செய்வார் என்று காத்து நின்றேன். மன்னித்தேன் என்று சொல்வார் என்றுகூட ஒரு நப்பாசை இருந்தது. அவர் நாடாவைக் கையில் எடுத்தார். துணிக்கு நேரே குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் நவுந்து நில்லுங்கக்கா. வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றார்.